இன்னொருவரின் உளவாளியை எழுதப் போகிறீர்களா?

மறைந்த எழுத்தாளரின் நாயகனைத் தொடர்ந்து எழுத வருகிறவர்கள் அனுப்பும் கைப்பிரதிகளைப் படிக்கிறேன். பத்து வருடங்களுக்கு முன் நான் செய்த தவறுகளே திரும்ப வருகின்றன. சந்திப்பிழையையெல்லாம் விட்டுவிடுகிறேன், அதை யாரும் திருத்தித் தருவார்கள்.

காலத்தை முடிவு செய்யாமல் தொடங்குவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு பழைய துப்பறிவாளரை வைத்து, எழுதியவரின் குடும்பத்திடம் அனுமதி வாங்கி, 140 பக்கம் எழுதிவிட்டேன். படித்த நண்பர் ஒன்றுதான் கேட்டார்: "இவருக்கு இப்போ என்ன வயசு?" 1944இல் பர்மா போர்முனையில் இருந்தவர் கையில் செல்போனைக் கொடுத்திருந்தேன். கணக்குப் போட்டால் தொண்ணூறு வருகிறது. சரி, வயதைக் குறைக்கலாம் என்றால் போர் போய்விடும். போர் இல்லையென்றால் அந்த மனிதர் ஏன் அப்படி வாய்மூடிக் கிடக்கிறார் என்பதற்குக் காரணமே இல்லை. எட்டு மாத உழைப்பு வீண்.

ஜேம்ஸ் பாண்டைப் பாருங்கள். அவரைப் படைத்த எழுத்தாளர் இயன் ஃபிளெமிங்கின் நாவல்களில் பாண்ட் 1941இல் வயதைக் கூட்டிச் சொல்லிப் போர்ப்பணியில் சேர்ந்தவர். ஃபிளெமிங் 1964இல் இறந்தார். 1968இல் ராபர்ட் மார்க்கம் என்ற புனைபெயரில் தொடர்ந்த கிங்ஸ்லி ஏமிஸுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. 1981இல் வந்த ஜான் கார்ட்னர் அதே ஆளை எண்பதுகளில் இறக்கி, சாப் கார் ஓட்டவைத்தார். 1996 வரை 14 நாவல்கள். விறுவிறுப்பானவைதான், ஆனால் அந்த வயதுக் கணக்கு எனக்குக் கடைசிவரை உறுத்தியது. 2011இல் ஜெஃப்ரி டீவர் துணிந்து பிறந்த வருடத்தையே மாற்றி, பாண்டை ஆப்கானிஸ்தானில் பணியாற்றியவராக்கினார். செபாஸ்டியன் ஃபாக்ஸ் 1967க்கும், வில்லியம் பாய்ட் 1969க்கும், ஆன்டனி ஹோரோவிட்ஸ் 1957க்கும் திரும்பிப் போனார்கள். பாய்டின் நாவலில் பாண்டுக்கு 45 வயது. அந்த வயதின் களைப்பு கதைக்கே உதவுகிறது. என் ஓட்டு திரும்பிப் போனவர்களுக்குத்தான்.

மதுக்கோப்பையைக் குணம் என்று நினைப்பது

மார்ட்டினி, துப்பாக்கி, கார் என்று அடுக்கினால் பாண்ட் வந்துவிட மாட்டார். மயாமி விமான நிலையத்தில் உட்கார்ந்து, தான் கொன்ற ஆளை நினைத்துக்கொண்டிருப்பார். 'கோல்ட்ஃபிங்கர்' நாவல் அப்படித்தான் தொடங்குகிறது. அந்த மனிதரைப் பிடியுங்கள்.

படத்தைப் பார்த்துவிட்டு எழுதுவது

வேண்டாம். நாவல்களைப் படியுங்கள்.

உரிமை

ஃபிளெமிங்கின் நாவல்களுக்குப் பிரிட்டனில் 2034 முடியும்வரை காப்புரிமை உண்டு. கேட்காமல் அச்சுக்குப் போகாதீர்கள்.