நாயனத்தைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகக் கேட்பது எப்படி

வெளிநாட்டு நாட்டுப்புற இசை கேட்கலாம் என்று 'உலக இசை' எனத் தேடினால், யோகா வகுப்பிலும் ஓட்டல் வரவேற்பறையிலும் போடுகிற தூக்கம் வரவழைக்கும் சத்தம்தான் வந்து விழும். அதை விட்டுவிடுங்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. காதுக்கு ஏற்கெனவே பழகிய ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு, அதன் உறவுக்காரக் கருவிகள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று தேடிப் போவதுதான் அது. நமக்கு அந்தக் கருவி நாயனம், அதாவது நாதஸ்வரம்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ சாமிகள் கடற்கரைக்கு வரும்போது நாயனக்காரர் பக்கத்தில் போய் நில்லுங்கள். என்ன பாட்டு, என்ன ராகம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அவர் எங்கே மூச்சு வாங்குகிறார், சுருதி எங்கிருந்து வருகிறது, இந்த இரண்டை மட்டும் கவனித்தால் போதும். முன்பெல்லாம் சுருதிக்காக ஒத்து என்கிற குழலை ஊதுவதற்கென்றே ஓர் ஆள் இருப்பார், இப்போது பெரும்பாலும் சுருதிப் பெட்டிதான்.

இதைக் காதில் வாங்கியபிறகு ஆர்மீனியாவின் துடுக் என்கிற குழலைக் கேளுங்கள். ஆப்ரிகாட் மரத்தில் செய்தது, சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு, நம்முடையதைவிட ரொம்பப் பெரியது, சத்தமோ அதற்கு நேர்மாறாகத் தணிந்து வரும். ஜீவான் காஸ்பார்யன் (1928–2021) வாசித்ததில் தொடங்கலாம். பின்னால் இன்னொருவர் கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் மூச்சிழுத்து, ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருப்பார். நம் ஒத்துக்காரர் வேலைதான் அது. முதலில் அந்தப் பின் ஆளைக் கேளுங்கள், காஸ்பார்யனை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். துருக்கி, பால்கன் பக்கத்து ஜுர்னா வேறு ரகம். திறந்தவெளியில், பெரிய மேளத்தோடு, காது கிழிய ஊதுவார்கள், கல்யாண ஊர்வலத்துக்கென்றே ஆன சத்தம்.

அடுத்து பிரான்சுக்குப் போகலாம். பாரிசுக்கு இல்லை, மேற்கோரத்தில் இருக்கும் பிரிட்டானிக்கு. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் புதுச்சேரிக்குக் கிளம்பி வந்த லோரியான் துறைமுகம் அங்கேதான் இருக்கிறது, 1971-இல் தொடங்கிய பெரிய கெல்டிக் இசைவிழாவும் அதே ஊரில்தான், ஆகஸ்டில். அங்கே பொம்பார்ட் என்று ஒரு குழல், நாயனம் மாதிரியே இரட்டைச் சீவாளி, அதே முரட்டுத்தனம். ஊதுகிறவருக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும், அதனால் ஒரு வரி ஊதிவிட்டு நிறுத்துவார், அந்த இடைவெளியை பினியூ என்கிற பைக்குழல் ஒரு ஸ்தாயி மேலே நின்று நிரப்பும். இருவரும் மாறி மாறி விட்டுக்கொடுத்து வாசிப்பதைக் கேட்டால் ஆடாமல் இருப்பது கஷ்டம். ஆடுவதற்குத்தான் வாசிக்கிறார்கள், ஃபெஸ்ட் நோஸ் என்கிற அவர்களுடைய இரவு ஆட்டம் 2012-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. சொல்தா குடும்பமாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள் வீடாக இருந்து, அங்கே சித்தப்பாவோ மாமாவோ இருந்தால், போன் பண்ணி அப்படி ஓர் ஆட்டத்துக்குப் போய் செல்போனில் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

பிரிட்டானிப் பாட்டிலும் இப்படித்தான். முதல் ஆள் வரியை முடிக்கும்போதே இரண்டாமவர் கடைசி அசைகளில் வந்து சேர்ந்து, அதே வரியைத் திருப்பிப் பாடுவார். குவாதெக் சகோதரிகள் மூவர் பாடிய பதிவுகளைத் தேடிப் பாருங்கள். கேட்டுவிட்டு பங்குனிக்கு மேல் நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்துக்குப் போனால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர்கள் செய்வது சட்டென்று புரியும். முகவீணை, அதாவது குட்டி நாயனம், இருக்கிற குழுவாகப் பார்த்துப் போங்கள், எல்லாக் குழுவிலும் இருக்காது. பதிவு செய்வதென்றால் வாத்தியாரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கையில் இருப்பதைக் கொடுங்கள், பேரை மைக்கில் சொல்லிவிடுவார்கள், கூச்சப்பட்டால் முடியாது.

தேடுவதில் ஒரு தந்திரம். கருவியின் பெயரை ஆங்கிலத்தில் அடிக்காமல், விக்கிபீடியாவில் அந்த நாட்டு மொழிப் பக்கத்தைத் திறந்து, அங்கிருக்கும் எழுத்தை அப்படியே நகலெடுத்து யூடியூபில் ஒட்டுங்கள். மேடைக் கச்சேரிகள் பின்னுக்குப் போய், உள்ளூர்க்காரர்கள் தங்களுக்காக ஏற்றிய கல்யாண வீடியோக்கள் வரும். பழைய பதிவுகளுக்கு ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் தளம் போதும். மோசஸ் ஆஷ் 1948-இல் தொடங்கிய கம்பெனி அது, 1987-இல் ஸ்மித்சோனியன் வாங்கியது. ஒவ்வொரு இசைத்தட்டோடும் வந்த குறிப்புப் புத்தகத்தை அங்கே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், பாட்டைவிட அதில்தான் எனக்கு நேரம் போகிறது. ஜூன் 21-ஐ ஒட்டி, 1982-இல் பிரான்சில் தொடங்கிய இசைநாளைப் புதுச்சேரியிலும் கொண்டாடுவார்கள். கிடாரும் டிரம்சும்தான் அதிகம் கேட்கும், இருந்தாலும் ஒரு நடை போய் வரலாம்.

சீவாளி போதும் என்று தோன்றும்போது தந்திக்குத் தாவுங்கள். மாலி நாட்டின் கோராவுக்கு 21 தந்தி. தூமானி ஜாபாத்தே (1965–2024) தலைமுறை தலைமுறையாக அதை வாசித்த குடும்பத்தில் வந்தவர். 1988-இல் வந்த அவருடைய 'கைரா' இசைத்தட்டைப் போடுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிப்பதுபோல் கேட்கும், ஆனால் இருப்பது ஒரே ஆள், இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல். கட்டைவிரல் எது, ஆள்காட்டி விரல் எது என்று காதாலேயே பிரிக்க முடிகிறதா பாருங்கள்.