ஐந்தாவது ஆளை உட்கார வைக்கலாமா? ஒரு முந்திரிப் பட்டறைக் கணக்கு

பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு முந்திரி வேலைதான். அப்படி ஒரு சின்னப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். கொட்டை உடைக்கும் கை மெஷின் நான்கு. கீழே வரும் எண்கள் கணக்குப் பழகுவதற்காக வைத்துக்கொண்டவை. சந்தை விலை தெரிந்தவர்கள் தங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். நோட்டில் எழுதிக்கொண்டே படியுங்கள்.

படி 1: ஒரு கிலோ பருப்பில் கையில் நிற்பது எவ்வளவு?

பருப்பு விற்பனை விலை கிலோ 700 ரூபாய். ஒரு கிலோ பருப்புக்குச் சுமார் 4 கிலோ கொட்டை வேண்டும். கொட்டை கிலோ 130 என்றால் 520. விறகு, பாக்கெட், வண்டி வாடகைக்கு 20. மீதி 160. கூலி இன்னும் கழிக்கவில்லை.

கொட்டையில் ஈரம் அதிகம் இருந்தால் 4 கிலோ என்பது நாலரை ஆகிவிடும். அப்போது கொட்டைச் செலவு 585, மீதி வெறும் 95. விலை பேசுவதற்கு முன்னால் நாலு கொட்டையை வெட்டிப் பார்ப்பது இதனால்தான்.

படி 2: ஆள் கூடக் கூட எவ்வளவு கூடுகிறது?

ஒரு நாள் பருப்பு, கிலோவில்:

1 ஆள் – 4
2 ஆள் – 10
3 ஆள் – 17
4 ஆள் – 23
5 ஆள் – 26
6 ஆள் – 27

அடுத்தடுத்த எண்களைக் கழியுங்கள்: 4, 6, 7, 6, 3, 1. ஒவ்வொரு ஆளும் கூடுதலாகச் சேர்த்தது இவ்வளவு. இதுதான் இறுதிநிலை உற்பத்தி. முதலில் ஏறுவதற்குக் காரணம் வேலைப் பிரிவினை: ஒருவர் வறுக்க, ஒருவர் உடைக்க, ஒருவர் தோல் உரிக்க. பிறகு இறங்குவது ஆள் சோம்பேறி என்பதால் அல்ல. மெஷின் நான்குதான், ஐந்தாவது ஆள் மெஷினுக்குக் காத்திருக்கிறார். இடமும் மெஷினும் அப்படியே இருக்க ஆளை மட்டும் கூட்டினால் வருவதுதான் குறைந்து செல் விளைவு.

படி 3: கூலியோடு ஒப்பிடுங்கள்

தினக்கூலி 500 என்று வைப்போம். நான்காவது ஆள் சேர்ப்பது 6 × 160 = 960. வைக்கலாம். ஐந்தாவது ஆள் சேர்ப்பது 3 × 160 = 480. கூலியைவிட 20 ரூபாய் குறைவு. நான்கோடு நிறுத்த வேண்டும்.

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான்: சராசரியைப் பார்த்துவிடுகிறார்கள். ஆறு பேருக்குச் சராசரி நாலரை கிலோ, அதாவது 720 ரூபாய். கூலி 500தானே, லாபம்தானே என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள். நான்கு பேர்: 3,680 – 2,000 = 1,680. ஆறு பேர்: 4,320 – 3,000 = 1,320. நாளைக்கு 360 ரூபாய் சத்தமில்லாமல் போகிறது. முதல் நான்கு பேரின் உழைப்பு ஆறாவது ஆளின் நட்டத்தை மறைத்துவிடும். சராசரியின் கோளாறு அது.

படி 4: மாறாச் செலவு

வாடகை 12,000, காவல், மின்சாரம், சில்லறை 8,000, மெஷின் தேய்மானம் 1,000 (60,000 ரூபாய் மெஷின்கள், 5 வருடம், கடைசியில் மதிப்பு பூஜ்யம்). மாதம் 21,000. உடைத்தாலும் உடைக்காவிட்டாலும் இது உண்டு. அதனால்தான் எத்தனை ஆள் என்ற படி 3 கணக்கில் இதைக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தாலும் விடை மாறாது, குழப்பம்தான் மிஞ்சும்.

21,000-ஐ 1,680-ஆல் வகுத்தால் 12.5. மாதத்தில் 13 நாள் பட்டறை ஓடினால்தான் கைநட்டம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூர் மாவட்டத்தில் இந்த 13 நாள் கிடைப்பதே சில மாதம் சந்தேகம்.

படி 5: கிலோ கணக்குக் கூலி

தினக்கூலிக்குப் பதில் கிலோவுக்கு 80 ரூபாய் என்று வைத்தால்? ஒவ்வொரு கிலோவிலும் முதலாளிக்கு 80 நிற்கும். எத்தனை பேர் உட்கார்ந்தாலும் அவருக்குக் கூடுதல் லாபமே. ஆறு பேரை உட்கார வைக்க ஆசை வரும். ஆனால் தொழிலாளி பக்கம் பாருங்கள்: நான்கு பேர் இருக்கையில் தலைக்குச் சராசரி 460, ஆறு பேர் ஆனதும் 360. நெரிசலின் நட்டமும், மழை நாள் நட்டமும் அவர்கள் தலையில். நன்றாக உடைக்கும் பெண்கள் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவார்கள். கிலோ கணக்காக இருந்தாலும் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி பொருந்தும் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 6: மாத முடிவில் லாபம்

நான்கு பேர், 25 நாள், தினக்கூலி. விற்பனை 575 கிலோ, 4,02,500. கொட்டை சீசனில் மலிவு என்று ஏப்ரலில் 5,000 கிலோவை ஒரேயடியாக 6,50,000-க்கு வாங்கியாயிற்று. கல்லாப்பெட்டியை மட்டும் பார்த்தால் 3,29,000 துண்டு விழும் (தேய்மானம் 1,000 கல்லாவிலிருந்து போவதில்லை, அதனால் மாறாச் செலவில் 20,000 மட்டும்). அது நட்டமல்ல. செலவானது 2,300 கிலோ, 2,99,000. மீதி 2,700 கிலோ இறுதிச் சரக்கிருப்பு, 3,51,000. விற்பனையில் 2,99,000, விறகு வகை 11,500, கூலி 50,000, மாறாச் செலவு 21,000 கழித்தால் லாபம் 21,000.

கொட்டையைக் கடனுக்கு வாங்கியிருந்தால் கொள்முதல் கணக்கில் பற்று (டெபிட்), கொடுத்தவர் கணக்கில் வரவு (கிரெடிட்). அன்றே எழுத வேண்டும். பணம் கொடுக்கும் அன்று எழுதலாம் என்று விட்டால் அந்த மாத லாபமே பொய்யாகிவிடும்.

பட்டறைக்காரர் வெளியே சூப்பர்வைசராகப் போனால் 18,000 கிடைக்கும் என்றால், கைவிட்ட அந்தச் சம்பளத்தையும் செலவாகப் பார்க்கும் பொருளியல் கணக்கில் அவருடைய லாபம் 3,000தான்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பருப்பு விலை 720. கிலோவுக்கு நிற்பது 180, ஐந்தாவது ஆள் சேர்ப்பது 540. கூலி அதே 500. ஐந்தாவது ஆளுக்கு வேலை வந்துவிட்டது. ஆறாவது ஆளுக்கு 180தான், அவருக்கு இல்லை.