ஆலையில் விருந்தினர் உரை: ஏற்பாடு செய்யும் முறை

சேலத்து நூற்பாலையிலோ கொலுசுப் பட்டறையிலோ வெளியாள் ஒருவரைப் பேச அழைக்கும்போது, தலைப்புக்கு முன் நேரத்தை முடிவு செய்யுங்கள். ஷிப்ட் முடிந்த பிறகு வைத்தால் பஸ் பிடிக்கும் அவசரத்தில் பாதிப் பேர் வாசலையே பார்ப்பார்கள். வேலை நேரத்துக்குள்ளேயே 45 நிமிடம் ஒதுக்குங்கள்: பேச்சுக்கு 25, கேள்விக்கு 20.

"தன்னம்பிக்கை பற்றிப் பேசுங்கள்" என்று மட்டும் சொன்னால், எல்லா ஊரிலும் பேசியதே இங்கும் வரும். கேட்பவர்கள் யார், என்ன வேலை, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பத்து நாள் முன்பே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். படைப்பாற்றல் உரை என்றால், கொலுசுக்குப் புது டிசைன் யோசிக்க உதவும் பயிற்சி ஒன்றையாவது செய்துகாட்டச் சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரையும் அரவணைப்பது பற்றிய உரையை மாடியில் வைக்கவே கூடாது. தரைத்தளம் வேண்டும், படி இருந்தால், 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது சாய்தளம் வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதவையும் உண்டு. ஆகவே ஊகிக்காமல், என்ன வசதி வேண்டும் என்று எல்லோரிடமும் முன்கூட்டியே கேளுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் இருவரை அழையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை அவர்கள் மாறிக்கொள்ள வேண்டும். ஒருவரே செய்தால் கை சோர்ந்து வார்த்தைகள் விடுபடும். வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தி தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

சூப்பர்வைசர் எதிரே மைக்கில் கேள்வி கேட்கப் பலரும், குறிப்பாகப் பெண்கள், தயங்குவார்கள். பெயரில்லாத சீட்டுகளைப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். அவற்றைப் பேச்சாளரே பிரித்துப் படிக்கட்டும். நேரமில்லாமல் விட்டுப்போன கேள்விகளுக்கு ஒரு வாரத்துக்குள் அறிவிப்புப் பலகையில் பதில் ஒட்டுங்கள்.