தொழில் விசாவா, புகலிடமா: தன்பாலீர்ப்பாளரான தொழில்முனைவோர் புறப்படும் முன் அறிய வேண்டியவை

உகாண்டா அதிபர் யோவேரி முசேவெனி 2023 மே மாதத்தில் கையெழுத்திட்ட தன்பாலின உறவு எதிர்ப்புச் சட்டம், ஒரே பாலினத்தவருக்கு இடையிலான உடலுறவுக்கு ஆயுள் சிறையையும், கடுமையானவை என்று அதுவே வகைப்படுத்தும் சில செயல்களுக்கு மரண தண்டனையையும், ‘ஊக்குவித்தல்’ என்ற குற்றத்துக்கு 20 ஆண்டு வரை சிறையையும் விதிக்கிறது. பண உதவி செய்வதும் ஊக்குவித்தலுக்குள் அடங்கும் என்பதால், கம்பாலாவில் ஒரு கடையோ மென்பொருள் நிறுவனமோ நடத்தும் தன்பாலீர்ப்பாளருக்கு அவருடைய படுக்கையறை மட்டுமல்லாமல் கணக்குப் புத்தகமும் ஆபத்தாகிவிட்டது. 2024 ஏப்ரலில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், சந்தேகப்படுபவர்களைக் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் உள்ளிட்ட சில பிரிவுகளை மட்டும் நீக்கிவிட்டு, மற்ற அனைத்தையும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நைஜீரியாவில் 2014 ஆம் ஆண்டுச் சட்டமும், ஈராக்கில் 2024 ஏப்ரலில் நிறைவேறிய 10 முதல் 15 ஆண்டு வரையிலான சிறைத் தண்டனையும், ரஷ்யாவில் ‘சர்வதேச எல்ஜிபிடி இயக்கம்’ தீவிரவாதமானது என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவித்ததும் இதே வரிசையில் வருபவை.

இத்தகைய நாட்டிலிருந்து வெளியேற நினைக்கும் தொழில்முனைவோர் ஒருவருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, தொழில் தொடங்குவோருக்கான விசா. மற்றொன்று, புகலிடக் கோரிக்கை. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றை மறந்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். தெரிவு செய்யும் நேரம் இன்னும் கையில் இருக்கிறதென்றால் தொழில் விசாவை முதலில் முயல்வதும், அதே வேளையில் புகலிடத்துக்கான கதவைத் தாமாகவே சாத்திவிடாமல் பார்த்துக்கொள்வதுமே சரியான முறை என்பது என் கருத்து. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பவருக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவர் சட்டப்படி செல்லக்கூடிய பாதுகாப்பான நாட்டுக்கு முதலில் சென்றுவிட வேண்டும்.

ஏன் தொழில் விசா முதலில்

புகலிடம் கோருவதற்கென்று பெரும்பாலான நாடுகள் விசா எதுவும் தருவதில்லை. அந்த நாட்டு மண்ணில் கால் வைத்த பிறகே கோரிக்கை எழுப்ப முடியும் என்பதால், சட்டபூர்வமாக உள்ளே நுழையும் வழி ஒன்று முதலில் தேவைப்படுகிறது. அதற்கும் மேலாக, புகலிடக் கோரிக்கை நிலுவையில் இருக்கும் காலத்தில் ஒரு நிறுவனத்தை நடத்துவது கடினம். பிரிட்டனில் கோரிக்கையாளர் 12 மாதம் காத்திருந்த பின்னரே வேலை செய்ய அனுமதி கேட்க முடியும். அந்த அனுமதி கிடைத்தாலும் சுயதொழில் செய்யக் கூடாது. ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய தொழில் அந்தக் காத்திருப்பிலேயே சரிந்துவிடும்.

தொழில் விசாவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது உங்கள் திட்டத்தையும் பணத்தையும் பார்த்துத் தரப்படுவது. தொழில் நின்றால் தங்கும் உரிமையும் நின்றுவிடும், நாடு திரும்புவதில் உள்ள அச்சத்தை விசா அதிகாரி கணக்கில் எடுக்க மாட்டார். ஆகவே தொழில் திட்டம் உண்மையானதாக இருக்க வேண்டும். தொழில் நடத்தும் எண்ணமே இல்லாமல் அந்த விசாவில் நுழைந்து, இறங்கிய மறுநாளே புகலிடம் கோருபவரின் முழு வாக்குமூலமும் ஐயத்துக்கு உள்ளாகும்.

நாட்டைத் தேர்ந்தெடுத்தல்

தொழில்முனைவோரை வரவேற்கும் நாடுகளின் பட்டியலும் தன்பாலீர்ப்பாளர் அச்சமின்றி வாழக்கூடிய நாடுகளின் பட்டியலும் ஒன்றல்ல. ஐக்கிய அரபு அமீரகத்தின் தங்க விசா முதலீட்டாளர்களிடையே புகழ்பெற்றது. ஆனால் அங்கே தன்பாலின உறவு குற்றமாகும். மலேசியாவிலும் அப்படியே. சிங்கப்பூர், ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய தன் 377ஏ பிரிவை 2022 இறுதியில் நீக்க முடிவெடுத்துவிட்டது என்றாலும், தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்காததால் துணையை வாழ்க்கைத்துணை என்ற தகுதியில் அழைத்துச் செல்வது அங்கே இயலாது. இவற்றையெல்லாம் விட வேடிக்கையானது கிரெனடா. முதலீட்டின் மூலம் அந்நாட்டுக் குடியுரிமையைப் பெற்று, அதைக் கொண்டு அமெரிக்காவின் இ-2 என்ற முதலீட்டாளர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று முகவர்கள் விளம்பரம் செய்கிறார்கள். ஆண்களுக்கு இடையிலான உறவைத் தண்டிக்கும் காலனியச் சட்டம் அந்தத் தீவிலேயே இருக்கிறது என்பதையும், முதலீட்டால் குடியுரிமை பெற்றவர் அந்நாட்டில் 3 ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்று அமெரிக்கா 2022 டிசம்பரில் விதித்த நிபந்தனையையும் அவர்கள் சொல்வதில்லை.

இனி பயன்படக்கூடிய வழிகளைப் பார்ப்போம். பிரிட்டனின் இன்னொவேட்டர் ஃபவுண்டர் விசா 2023 ஏப்ரலில் அறிமுகமானது. முந்தைய திட்டத்தில் இருந்த 50,000 பவுண்டு முதலீட்டுக் கட்டாயம் இதில் இல்லை. ஆனால் அரசு அங்கீகரித்த சில அமைப்புகளில் ஒன்று, உங்கள் தொழில் புதுமையானது, நடைமுறைக்கு ஏற்றது, வளரக்கூடியது என்று ஒப்புதல் கடிதம் தர வேண்டும். அதே அமைப்பு பின்னர் வளர்ச்சியைக் கண்காணிக்கும் சந்திப்புகளையும் நடத்தும். ஒப்புதல் மதிப்பீட்டுக்கு 1,000 பவுண்டும் ஒவ்வொரு சந்திப்புக்கும் 500 பவுண்டும் கட்டணம். விசாக் கட்டணத்தோடு, ஆண்டுக்கு 1,035 பவுண்டு என 2024 இல் உயர்த்தப்பட்ட சுகாதாரக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மையான செலவு தெரியும்.

நெதர்லாந்தின் ஸ்டார்ட்அப் அனுமதி ஓராண்டுக்கானது. அங்கீகரிக்கப்பட்ட வழிகாட்டி நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, அந்த ஓராண்டுக்குள் தொழிலை நிலைநிறுத்திக் காட்டினால் சுயதொழிலாளர் அனுமதிக்கு மாறலாம். தன்பாலினத் திருமணத்தை 2001 இல் உலகில் முதன்முதலாகச் சட்டமாக்கிய நாடு என்பதால் துணைவரின் நிலையும் அங்கே தெளிவாக இருக்கிறது. எஸ்டோனியாவும் ஸ்டார்ட்அப் விசா தருகிறது. 2024 முதல் அங்கும் திருமண உரிமை உண்டு. ஆனால் எஸ்டோனியாவின் இ-ரெசிடென்சி அட்டையைத் தங்கும் உரிமை என்று நம்பி ஏமாற வேண்டாம். அது இணையவழியில் நிறுவனம் நடத்துவதற்கான அடையாள அட்டை மட்டுமே. கனடாவின் ஸ்டார்ட்அப் விசா 2013 முதல் பலருக்கு நேரடியாக நிரந்தர வதிவிடம் தந்த திட்டம்; நிலுவை விண்ணப்பங்கள் பெருகி, 2025 இறுதியோடு புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. இன்னும் அதை விற்கும் முகவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவின் இ-2 விசா, அந்நாட்டோடு உடன்படிக்கை உள்ள நாடுகளின் குடிமக்களுக்கு மட்டுமே கிடைக்கும். உகாண்டா, நைஜீரியா, ரஷ்யா, இந்தியா ஆகியவை அதில் இல்லை, இலங்கை இருக்கிறது. தன்பாலின உறவைத் தண்டிக்கும், தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்றும் நீக்கப்படாத நாட்டிலிருந்து செல்லும் தொழில்முனைவோருக்கு இது கவனிக்கத்தக்க வாய்ப்பு. முதலீட்டுக்குக் குறைந்தபட்சத் தொகை என்று சட்டத்தில் எதுவும் இல்லை. தொழிலின் தன்மைக்கு ஏற்பப் ‘போதிய அளவு’ இருக்க வேண்டும். உடன்படிக்கை இல்லாத நாட்டவருக்கு, குறைந்தது 10 விழுக்காடு உரிமையும் தகுதியுள்ள அமெரிக்க முதலீட்டாளரிடமிருந்து 3,11,071 டாலர் முதலீடும் கேட்கும் தொழில்முனைவோர் பரோல் (விசா இல்லாமல் தற்காலிகமாகத் தங்க விடும் அனுமதி) விதி ஏட்டில் இருக்கிறது. இது விசாவும் அல்ல, உறுதியான உரிமையும் அல்ல. குறைந்தது 8,00,000 டாலர் முதலீடு கேட்கும் இபி-5 என்ற நிரந்தர வதிவிட விசா பெரும்பாலானோரின் எல்லைக்கு அப்பாற்பட்டது. 2025 முதல் அமெரிக்காவின் நுழைவுத் தடைப் பட்டியல்கள் அடிக்கடி மாறிவருவதால், விண்ணப்பக் கட்டணம் செலுத்தும் நாளில் உங்கள் நாடு அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரே ஆவணங்கள், இரண்டு பயன்கள்

தொழில் விசாவுக்குத் திரட்டும் காகிதங்களே பிற்காலத்தில் துன்புறுத்தலுக்கான சான்றுகளாகவும் அமைய முடியும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மிரட்டிப் பணம் பறிப்பது இத்தகைய நாடுகளில் பரவலான கொடுமை. அந்தப் பணம் கைபேசிப் பணப்பரிமாற்றம் வழியாகச் சென்றிருந்தால், தேதியும் தொகையும் பெறுபவரின் எண்ணும் அறிக்கையில் பதிவாகியிருக்கும். கடை உரிமையாளர் காலிசெய்யச் சொன்ன கடிதம், காரணம் சொல்லாமல் ரத்தான கொள்முதல் ஒப்பந்தம், புதுப்பிக்க மறுக்கப்பட்ட உரிமம், வங்கிக் கணக்கை மூடிய அறிவிப்பு ஆகிய எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, வெளிநாட்டில் உள்ள நம்பகமான ஒருவரிடமோ குறியாக்கம் செய்த இணையச் சேமிப்பிலோ வையுங்கள். விமான நிலையத்தில் தேடப்படக்கூடிய கைபேசியில் அவற்றை எடுத்துச் செல்ல வேண்டாம். எகிப்தில் காவல்துறையினர் டேட்டிங் செயலிகள் வழியாகவே ஆட்களைச் சிக்கவைத்தது பரவலாகப் பதிவாகியுள்ள செய்தி. பயணத்துக்கு முன் அந்தச் செயலிகளையும் உரையாடல்களையும் கருவியிலிருந்து அகற்றுவதற்கு முன்னதாக, சான்றாகப் பயன்படக்கூடியவற்றைப் பாதுகாப்பாகப் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

விசாப் படிவத்தில் சொல்வது பிற்காலப் புகலிட விசாரணையில் மேசைமேல் வரும். எனவே பொய் கூடாது. குடும்ப வற்புறுத்தலால் பெண்ணை மணந்திருந்தால் திருமணமானவர் என்றே எழுதுங்கள். அத்தகைய திருமணங்கள் எப்படி நடக்கின்றன என்பதைப் பின்னர் விளக்க முடியும், மறைத்ததை விளக்க முடியாது. கைது செய்யப்பட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கனடாவில் வெளிநாட்டுத் தண்டனை ஒருவருக்குத் தடையாக வேண்டுமானால் அதே செயல் கனடாவிலும் குற்றமாக இருக்க வேண்டும். வயதுவந்த இருவரின் சம்மத உறவு அங்கே குற்றமல்ல. அந்தக் குற்றச்சாட்டு தடையாகாது, அதை மறைத்த பொய் தடையாகும்.

துணைவரையும் அழைத்துச் செல்ல வேண்டுமென்றால் சிக்கல் இன்னும் கூடுகிறது. மணமாகாத துணைவர் என்ற தகுதிக்குப் பிரிட்டன் குறைந்தது 2 ஆண்டு உறவைக் கேட்கிறது. கூட்டு வாடகை ஒப்பந்தமோ கூட்டு வங்கிக் கணக்கோ வைத்திருப்பதே ஆபத்தான ஊரில் அந்த உறவை எப்படிக் காட்டுவது? நிறுவனத்தில் இருவரும் பங்குதாரர்களாக இருப்பது, சேர்ந்து சென்ற பயணங்களின் சீட்டுகள், ஒருவர் மற்றவருக்கு அனுப்பிய பணம், உறவை அறிந்த நண்பர்களின் உறுதிமொழிக் கடிதங்கள் ஆகியவற்றைக் கொண்டு காட்டலாம். ஒப்பந்தம் ஏன் இல்லை என்பதை உள்நாட்டுச் சட்டத்தைச் சுட்டி ஒரு கடிதத்தில் எழுதி இணையுங்கள். மூன்றாம் நாடு ஒன்றில் சட்டப்படி மணம் முடிக்க வாய்ப்பிருந்தால் அதுவே எளிது. தன்பாலினத் திருமணங்களை மத்திய அரசு ஏற்க வழிசெய்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013 இல் வழங்கிய வின்ட்சர் தீர்ப்புக்குப் பின், அந்நாடு மணம் நடந்த இடத்தின் சட்டத்தையே பார்க்கிறது.

புகலிடத்துக்கு மாறும் வேளை

வந்த பிறகு சொந்த நாட்டின் நிலைமை மோசமாகலாம். 2022 இல் தொழில் அனுமதியோடு வெளியேறிய உகாண்டா நாட்டவருக்கு 2023 மே மாதம் எல்லாம் மாறிப்போனது. அமெரிக்காவில் புகலிடக் கோரிக்கையை நுழைந்த ஓராண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது பொது விதி. நாட்டுச் சூழல் மாறியிருப்பதும், அதுவரை செல்லுபடியாகும் விசா நிலையில் தங்கியிருந்ததும் விதிவிலக்குகளாக ஏற்கப்படுகின்றன. ஆனால் மாற்றம் நிகழ்ந்த பின்போ விசா முடிந்த பின்போ நியாயமான குறுகிய காலத்துக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். மாதங்களைத் தள்ளிப்போடுபவர் விதிவிலக்கையும் இழப்பார். பிரிட்டனில் இத்தகைய ஓராண்டுக் கெடு இல்லையென்றாலும் தாமதம் நம்பகத்தன்மையைக் குறைக்கும்.

உங்கள் பக்கம் நிற்கும் தீர்ப்புகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ‘அடக்கமாக, யாருக்கும் தெரியாமல் வாழ்ந்தால் ஆபத்தில்லையே’ என்ற வாதத்தைப் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஈரான், கேமரூன் நாட்டவர் இருவரின் வழக்கில் 2010 ஜூலையில் நிராகரித்தது. உகாண்டா, சியரா லியோன், செனகல் நாட்டவர் மூவரின் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2013 நவம்பரில் அதையே சொன்னது. எனினும், சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் துன்புறுத்தல் ஆகாது, சிறைத் தண்டனை நடைமுறையில் வழங்கப்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. இலங்கையரின் கோரிக்கைகள் தடுமாறும் இடம் இதுதான்: சட்டத்தைச் சுட்டினால் போதாது, காவல்நிலையத்திலோ குடும்பத்திலோ வேலையிடத்திலோ தமக்கு நேர்ந்ததை அவர்கள் சொல்லியாக வேண்டும். அந்தரங்கப் படங்களையோ காணொளிகளையோ சான்றாகத் தர வேண்டாம். அவற்றை ஏற்கவே கூடாது என்று அதே நீதிமன்றம் 2014 இல் தீர்ப்பளித்துள்ளது, தன்பாலீர்ப்பைக் கண்டறியும் உளவியல் சோதனைகளின் அடிப்படையில் முடிவெடுக்கவும் 2018 இல் தடை விதித்தது.

மொழிபெயர்ப்பாளர் உங்கள் சமூகத்தவராக இருந்து, செய்தி ஊருக்குப் போய்விடுமோ என்ற அச்சம் இருந்தால் மாற்றிக் கேளுங்கள். லண்டனிலோ டொரண்டோவிலோ தமிழில் பேசும் கோரிக்கையாளருக்கு இந்த அச்சம் நன்றாகவே தெரியும். தொழில் விசா வழக்கறிஞரும் புகலிட வழக்கறிஞரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்களாக இருப்பார்கள்; முன்னவர் நிரப்பிய படிவங்களின் நகல் முழுவதையும் பின்னவரிடம் கொடுத்த பிறகே வாக்குமூலம் எழுதுங்கள்.

கடைசியாக, பயணம். சரக்கு பார்க்கவோ பங்குதாரரைச் சந்திக்கவோ சொந்த நாட்டுக்குப் போய்வருவது தொழில்முனைவோருக்கு இயல்பான பழக்கம். புகலிட வழக்குக்கு அதைவிடப் பெரிய கேடு குறைவு. கோரிக்கை எழுப்பக்கூடும் என்ற எண்ணம் வந்த நாளிலிருந்தே அந்தப் பயணங்களை நிறுத்தி, சந்திப்புகளை மூன்றாம் நாட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; உள்ளூர் அலுவல்களுக்கு வேறொருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். அகதி அந்தஸ்து கிடைத்த பின் சொந்த நாட்டுத் தூதரகத்தில் கடவுச்சீட்டைப் புதுப்பித்தால், அந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடியதாகக் கருதி அந்தஸ்தையே விலக்கிக்கொள்ள இடமுண்டு. தொழில் பயணங்களுக்கு அகதிகளுக்கான பயண ஆவணத்தையே பயன்படுத்துங்கள். அதற்கு விசா கேட்கும் நாடுகள் அதிகம் என்பதால், வாடிக்கையாளருக்குத் தேதி சொல்வதற்கு முன் அந்தந்த நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.