காசுக்குத்திக் கணக்குக்குச் சமன்பாடு எழுதுறது எப்பிடி

அக்காவின்ர மகள் ஓஎல் சோதினை எடுக்கப்போறா, சமன்பாட்டைக் குடுத்தா டக்கெண்டு தீர்ப்பா, அதையே வசனத்தில கேட்டா பென்சிலை வைச்சிட்டு என்ர மூஞ்சையைப் பாப்பா. அவவுக்குச் சொல்லிக்குடுத்ததைத்தான் இஞ்ச போடுறன். ஒருங்கமை சமன்பாடு (ரெண்டு தெரியாத எண்ணுக்கு ரெண்டு சமன்பாடு) தீர்க்கத் தெரியாட்டி முதல்ல அதைப் பாத்திட்டு வாங்கோ.

கணக்கு இதுதான்: திருநெல்வேலிச் சந்தையில கீரை விக்கிற ஆச்சியிட்ட 5 ரூபா, 10 ரூபாக் குத்தியள் மட்டும் 23 இருக்கு, மொத்தம் 175 ரூபா. ஒவ்வொண்டிலயும் எத்தினை?

முதல்ல எழுத்து வைக்கோணும். 5 ரூபாக் குத்தியளின்ர எண்ணிக்கை க, 10 ரூபாக் குத்தியளின்ர எண்ணிக்கை ம. கொப்பியில எக்ஸ், வை எண்டே போடுங்கோ, எனக்கு டைப் பண்ண இது சுகம். எண்ணிக்கை எண்ட சொல்லை மட்டும் விடாதேங்கோ! "க = 5 ரூபாக் குத்தி" எண்டு சுருக்கி எழுதினா ரெண்டு வரி தள்ளி அந்த க காசாத் தெரியத் துவங்கும், பிறகென்ன, க + ம = 175 எண்டு எழுதிப்போட்டு விடை வரேல்ல எண்டு நிப்பினம். 23 எண்டது எண்ணிக்கை, 175 எண்டது ரூபா, ரெண்டும் ஒரே சமன்பாட்டுக்க வராது.

இதுக்கு நான் சதுரக் கொப்பியில பெட்டி கீறச் சொல்லுறனான்.

5 ரூபா: எண்ணிக்கை க, பெறுமதி 5க
10 ரூபா: எண்ணிக்கை ம, பெறுமதி 10ம
மொத்தம்: 23, 175

இனி எண்ணிக்கையையும் பெறுமதியையும் தனித்தனியா மேலயிருந்து கீழ கூட்டி வாசிச்சாச் சரி.

க + ம = 23
5க + 10ம = 175

க = 23 − ம எண்டு பிரதியிட்டா 115 + 5ம = 175, ம = 12, க = 11. அந்த 115 என்னெண்டு பாத்தீங்களோ? 23 குத்தியும் 5 ரூபா எண்டா வாற காசு. மிச்சம் 60, ஒவ்வொரு 10 ரூபாக் குத்தியும் 5 ரூபா கூடத் தரும், 60ஐ 5ஆல பிரிச்சா 12. எழுத்தே வைக்காமலும் இப்பிடிச் செக் பண்ணலாம்.

பிறகு சேர்த்தது: யூடியூப்பில அமெரிக்கக் கணக்குப் பாக்கிறாக்களுக்கு, நிக்கல் 5 சதம், டைம் 10, குவாட்டர் 25. மொத்தத்தை டொலரில குடுப்பினம், அதையும் சதமாக்கிப்போட்டுத்தான் எழுதோணும். டைமும் குவாட்டரும் 19, மொத்தம் 3.40 டொலர் எண்டா வலப்பக்கம் 340. 3.40 எண்டே விட்டா விடை சய (மைனஸ்) இலக்கத்தில வரும். (சரியான விடை 9 டைம், 10 குவாட்டர்.)

இன்னொண்டு, "5 ரூபாக் குத்தியள் 10 ரூபாக் குத்தியளை விட 4 கூட" எண்டு வந்தா க = ம + 4. கூட இருக்கிறதிலயே 4ஐக் கூட்டுறாக்கள் கனபேர். க 10, ம 6 எண்டு சும்மா இலக்கம் போட்டுப் பாத்திட்டு எழுதுங்கோ.