அனிலின், அவுரி, இண்டிகோ: பெயர் மாறினால் மருந்தும் மாறும்

சாயப்பட்டறை விபத்தோ தலைச்சாயக் குறிப்போ, தமிழில் எழுதும்போது அனிலினும் இண்டிகோவும் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. பிறப்பிலேயே வந்த குழப்பம் இது. 1826இல் வேதியியலாளர் ஓட்டோ உன்வெர்டோர்பன், அவுரிச் செடி தரும் நீலச் சாயமான இண்டிகோவைக் காய்ச்சி வடித்தபோது கிடைத்ததுதான் அனிலின். பின்னாளில் ஃபிரிட்ஷே என்ற வேதியியலாளர், அவுரிச் செடிக்கு வழங்கிய 'அனில்' என்ற பெயரை வைத்து அதற்குப் பெயரிட்டார். இன்று கதை தலைகீழ். ஜீன்ஸுக்குப் போகும் செயற்கை இண்டிகோ அனிலினிலிருந்து தயாராகிறது.

அதற்காக அனிலினையே சாயம் என்று எழுதக் கூடாது. அது எண்ணெய்ப் பதத்தில் உள்ள நிறமற்ற திரவம். காற்றுப் பட்டால் பழுப்பேறும். அதிலிருந்தும் அதன் உறவுச் சேர்மங்களிலிருந்தும் செய்தவைதான் 'அனிலின் சாயங்கள்'. எழுத்து இடம் மாறுவதும் உண்டு. ஈரல் பரிசோதனை அறிக்கையில் ஏ.எல்.டி. என்று வருகிறதே, அதில் உள்ள 'ஏ' அலனின். புரதத்தில் இருக்கும் சாதாரண அமினோ அமிலம். அதை 'அனிலின்' என்று அச்சடித்தால் நோயாளி இரவெல்லாம் தூங்கமாட்டார்.

உயிருக்கே உலை வைக்கும் தவறு நச்சு பற்றி எழுதும்போது நேர்கிறது. அனிலின் உடலில் ஏறினால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இதற்கு மருத்துவப் பெயர் சயனோசிஸ். ஒலியை வைத்து இதைச் 'சயனைடு பாதிப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அனிலின், ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாற்றுகிறது. அப்படி மாறியதுதான் மெத்தீமோகுளோபின். சயனைடு நச்சை முறிக்கத் தரப்படும் நைட்ரைட் மருந்துகள் வேலை செய்வதோ, வேண்டுமென்றே மெத்தீமோகுளோபினை உண்டாக்கித்தான். பெயரைக் குழப்பி அதை அனிலின் ஏறியவருக்கு ஏற்றினால் எரிகிற தீயில் எண்ணெய்தான்.

ஆக்சிஜன் கொடுத்தும் நீலம் குறையாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 85 பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். அந்த எண்ணை நம்பக் கூடாது. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பார்த்தால், காற்றுப் பட்ட பிறகும் சிவக்காமல் சாக்லேட் நிறத்திலேயே இருக்கும். மாற்று மருந்து மெத்திலீன் புளூ, கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், சிரை வழியாக. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவருக்கு அது ஆபத்து. மெத்திலீன் புளூவை 'நீலச் சாயம்' என்று மொட்டையாக எழுதினால் இண்டிகோ கார்மைன் என்று நினைக்க இடமுண்டு. அதுவும் மருத்துவமனையில் இருக்கும் நீலம்தான், ஆனால் சிறுநீர்ப்பை உள்நோக்கிச் சோதனைக்குப் பயன்படுவது. இண்டோசயனைன் கிரீன் என்ற கண் பரிசோதனைச் சாயமோ இண்டிகோவும் இல்லை, சயனைடும் இல்லை.

இன்னொன்று: அனிலின் குடித்தால்தான் விஷம் என்பதில்லை, தோல் வழியாகவே ஏறும். நனைந்த துணியையும் செருப்பையும் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவுவது முதல் வேலை.

நம் வீட்டுக்கு அருகில் இருக்கும் குழப்பம் தலைச்சாயம். மருதாணி செம்மைதான் தரும். அதன்மேல் அவுரிப் பொடியைக் குழைத்துப் பூசினால் கருமை ஏறும். 'கருப்பு மருதாணி' என்ற பெயரில் சட்டென்று கன்னங்கரேலென்று பிடிக்கும் சரக்கில் பெரும்பாலும் இருப்பது பாராஃபினைலின் டைஅமின், அதாவது அனிலினுக்கு உறவு. அதைக் குடித்துவிட்டு வருபவருக்கு முகமும் கழுத்தும் வீங்கி மூச்சுக்குழாய் அடைக்கும், தசை சிதைந்து சிறுநீரகம் கெடும். இங்கே பழுப்பாவது சிறுநீர். காரணம் சிதைந்த தசையிலிருந்து வரும் மையோகுளோபின். இதை 'அனிலின் நச்சு' என்று எழுதிவிட்டு மெத்திலீன் புளூவைத் தேடுவது வழி தப்பிய வைத்தியம். மூச்சுப்பாதையைக் காப்பதுதான் முதலில். தூத்துக்குடிப் பக்கம் நிலவாகையையும் அவுரி என்பதுண்டு. அது பேதிக்குக் கொடுப்பது, தலைக்கு ஆகாது.

'அனிலின் புற்றுநோய்' என்ற சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது. 1895இல் பிராங்க்பர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வருவதைச் சொன்னபோது பிறந்த பெயர் அது. பின்னாளில் பிடிபட்ட பெரிய குற்றவாளிகள் பென்சிடினும் 2-நாப்தைலமீனும். அதற்காக அனிலின் யோக்கியம் என்றும் எழுதிவிட முடியாது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படுபவற்றில், வைத்திருக்கிறது.

இண்டிகன் என்ற பெயரில் இரண்டு பொருள்கள் உண்டு. அவுரி இலையில் இருப்பது இண்டாக்சில் குளுகோசைடு. சிறுநீரில் வருவது இண்டாக்சில் சல்பேட். உணவுப் புரதத்தில் உள்ள டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைக் குடல் கிருமிகள் உடைப்பதில் தொடங்கி ஈரலில் உருவாவது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்குச் சிறுநீர் சேர மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் பை சில சமயம் ஊதா நிறமாகிவிடும். பாட்டிக்கு யாரோ சாயம் கொடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் சண்டை வேண்டாம். சிறுநீர்க் குழாயில் குடியேறிய பாக்டீரியா அந்தச் சல்பேட்டை உடைத்து, பைக்குள்ளேயே நீல இண்டிகோவையும் சிவப்பு இண்டிருபினையும் உண்டாக்குகிறது. குழாயையும் பையையும் மாற்றி, மருத்துவர் சொல்கிறபடி தொற்றையும் மலச்சிக்கலையும் கவனித்தால் நிறம் போய்விடும்.