பழைய பாக்ஸ்டர் வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

போர்ஷே பாக்ஸ்டர், துணிக்கூரையை மடிக்கக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார். பிரிட்டனில் அதன் முதல் தலைமுறை, அதாவது 1996 முதல் 2004 வரை தயாரான 986 என்ற மாடல், இன்று ஒரு புதிய சின்ன காரை விடக் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. ஆனால் உதிரி பாகங்களும் வேலைக்கூலியும் இன்னும் போர்ஷே விலையில்தான் இருக்கின்றன. கையில் இருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிட்டால் முதல் ரிப்பேரிலேயே வண்டி மூலையில் நின்றுவிடும்.

அதைவிடப் பெரிய தவறு, மைல் குறைவாக ஓடிய கார்தான் நல்ல கார் என்று நம்புவது. இந்த இன்ஜினுக்குள் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று சுழலும் தண்டு ஒன்று உண்டு. அதைத் தாங்கும் பேரிங் உடைந்தால், வால்வுகள் திறந்து மூடும் நேரம், அதாவது டைமிங் தப்பி, பிஸ்டன் வால்வில் மோதி, இன்ஜினே போய்விடும். முதலில் இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங்தான் இருந்தது. 2000 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாற்றினார்கள், தொல்லை அதில்தான் அதிகம். அமெரிக்காவில் இதற்காக நடந்த கூட்டு வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது. மாதக்கணக்கில் ஓடாமல், ஆயிலும் மாற்றாமல் கிடந்த வண்டியை விட, அடிக்கடி ஓடி, வருடா வருடம் ஆயில் மாற்றிய வண்டியையே நான் நம்புவேன். கிளட்ச் மாற்றும்போது கியர்பாக்ஸை எப்படியும் கழற்றுவார்கள். பேரிங்கையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள், கூலி மிச்சம். ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டி, பேரிங் தேய்வதைக் காட்டும் உலோகத் துகள் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது மழைநீர். கூரைத் துணியில் விழும் தண்ணீர், கூரை மடியும் இடத்தின் இரு பக்கமும் உள்ள வடிகால் துளைகள் வழியாகத்தான் இறங்க வேண்டும். இலையும் தூசியும் அதை அடைத்தால் தண்ணீர் காருக்குள் வந்து தரைவிரிப்பில் தேங்கும். சென்ட்ரல் லாக்கிங், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் இரண்டையும் இயக்கும் மின்னணுப் பெட்டி இருப்பதோ இருக்கைக்கு அடியில்! அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. இலையுதிர் காலத்தில் பத்து நிமிடம் ஒதுக்கித் துளைகளைச் சுத்தம் செய்தால் போதும். அப்படியே முன் பம்பருக்குள் இருக்கும் ரேடியேட்டர்களில் சேர்ந்த இலைகளையும் எடுத்துவிடுங்கள்.

2003 மாடலுக்கு முந்தைய கார்களில் பின் ஜன்னல் பிளாஸ்டிக். குளிரில் அது விறைத்திருக்கும், அந்த நேரத்தில் கூரையை மடித்தால் விரிசல் விழும். வெயிலில் கூட, கூரையைப் பாதியில் நிறுத்தி, ஜன்னலைக் கையால் மெதுவாக மடித்துவிட்டுத்தான் மீதியை இறக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் அரசு இணையதளத்தில் எம்ஓடி எனப்படும் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையின் வரலாற்றை இலவசமாகப் பாருங்கள். வருடாவருடம் ஓடிய மைல் கணக்கு அதில் தெரியும். அப்புறம், நீங்கள் போகும்போது விற்பவர் இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் அன்றைக்கு முடிவு எடுக்காதீர்கள். இன்னொரு நாள் வருகிறேன், வண்டியைத் தொடாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். இன்ஜினுக்குள் இருக்கும் சங்கிலியின் சத்தமும் புகையும் குளிர்ந்த இன்ஜினில்தான் தெரியும்.